நாக்கு நீளமான பாக்டீரியாவும் நாலு டன் கீரையும்

முதல்ல ஒரு சமையல் குறிப்பு. ஒரு லிட்டர் தண்ணி எடுத்துக்கோங்க. அதுல 10 கிராம் பெப்டோன் (நொதி போட்டு ஏற்கனவே பாதி செரிக்க வச்ச புரதம்), 10 கிராம் மாட்டிறைச்சிச் சாறு, 5 கிராம் ஈஸ்ட் சாறு, 20 கிராம் குளுக்கோஸ், டுவீன் 80-ன்னு ஒரு வழவழ சமாச்சாரம் ஒரு மில்லி, கொஞ்சம் பாஸ்பேட், கொஞ்சம் அசிடேட், கொஞ்சம் சிட்ரேட், ஒரு சிட்டிகை மக்னீசியம் சல்பேட், அதைவிடச் சின்னச் சிட்டிகையா மாங்கனீசு சல்பேட். கலக்கி, ஆட்டோகிளேவ்ங்கிற பெரிய குக்கர்ல வச்சு எடுத்தா டிகாஷன் கலர்ல ஒண்ணு கிடைக்கும். ஆறினதும் பரிமாறலாம். வீட்டுல செஞ்சு பாத்துட்டு உப்பு பத்தலைன்னு பின்னூட்டம் போடாதீங்க மக்களே, இது நமக்கு இல்லை. லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு. அதாவது தயிரைத் தயிராக்குற, இட்லி மாவைப் புளிக்க வைக்கிற கூட்டத்துக்கு.

இந்தக் கரைசலோட பேரு எம்.ஆர்.எஸ். 1960ல டி மான், ரோகோசா, ஷார்ப்னு மூணு பேர் சேர்ந்து வெளியிட்ட செய்முறை, அவங்க பேரோட முதல் எழுத்துகள்தான் அது. அதுக்கு முன்னாடி இந்த பாக்டீரியாவை வளர்க்கத் தக்காளிச் சாறு ஊத்திட்டு இருந்தாங்களாம். நிஜமாத்தான். பிரச்சினை என்னன்னா ஒரு தக்காளி மாதிரி இன்னொரு தக்காளி இருக்காது. ஒரு லேப்ல நல்லா வளர்ந்தது இன்னொரு லேப்ல வளராது. "என் மெஷின்ல ஓடுதே"ன்னு நாம ஆபீஸ்ல சொல்ற வியாதி அங்கேயும் இருந்திருக்கு. தக்காளியைத் தூக்கிட்டு, அளந்து போடக்கூடிய சாமான்களை வச்சு இவங்க எழுதின செய்முறை அறுபது வருஷம் தாண்டியும் இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. நான் எழுதின எந்தக் கோடும் ஆறு வருஷம் தாண்டுமான்னு தெரியலை, ஹிஹி.

எதுக்கு இத்தனை அலங்காரம்னு தோணும். ஈ.கோலைன்னு இன்னொரு பாக்டீரியா இருக்கு, நம்ம குடல்ல குடியிருக்கிற பார்ட்டி. அதுக்குக் கொஞ்சம் குளுக்கோஸ், கொஞ்சம் அம்மோனியா உப்பு, ரெண்டு மூணு தாது உப்பு போட்டா போதும். மிச்ச எல்லாத்தையும், அமினோ அமிலம், வைட்டமின், டி.என்.ஏ.வுக்கு வேண்டிய பொருள் எல்லாத்தையும் தானே செஞ்சுக்கும். ஹாஸ்டல்ல நாலு வருஷம் இருந்த பய மாதிரி, எது போட்டாலும் சாப்பிடும். நம்ம லாக்டிக் கோஷ்டி அப்படி இல்லை. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை. பல அமினோ அமிலங்களைத் தட்டுல வைக்கணும். பி வைட்டமின்கள்ல நாலஞ்சை இனம் பாத்து எடுத்து வைக்கணும். சிலதுக்கு ஓலியிக் அமிலம் வேணும், அதுக்குத்தான் அந்த டுவீன் 80. ஒண்ணு குறைஞ்சாலும் கை நனைக்காது.

இதுக்குக் காரணம் நம்மளை மாதிரி ஆளுங்களுக்குச் சுலபமா புரியும். பால், பழம், அழுகுற இலை, விலங்குகளோட குடல் இதெல்லாம் ஏற்கனவே சத்து கொட்டிக் கிடக்கிற இடங்கள். பல லட்சம் வருஷம் அங்கேயே உட்கார்ந்துட்டா, ஒரு வைட்டமினைச் செய்யற மரபணுக்கள் கெட்டுப் போனாலும் ஒரு நஷ்டமும் இல்லை. வெளியில ரெடிமேடா லைப்ரரி கிடைக்கிறப்ப சொந்தமா எவன் கோடு எழுதுவான்? கொஞ்சம் கொஞ்சமா அந்த மரபணுக்கள் காணாமப் போயிடும். கடைசியில பாக்டீரியா சின்னதா, வேகமா, வெளி ஆளை நம்பி வாழறதா ஆயிடும்.

தயிர்லயே இதைப் பாக்கலாம். கடைத் தயிருக்கு ரெண்டு பேரைச் சேர்த்து விடுவாங்க, பல்கேரிகஸ்னு ஒண்ணு, தெர்மோஃபிலஸ்னு ஒண்ணு. பால்ல புரதம் நிறைய இருக்கு, ஆனா பெரிய பெரிய கேசீன் கட்டிகளா இருக்கு. உதிரி அமினோ அமிலம் கொஞ்சம்தான். பல்கேரிகஸ் தன் மேல்தோல்ல ஒரு கத்திரி வச்சிருக்கு, கேசீனைத் துண்டு துண்டா நறுக்கும். பெரும்பாலான தெர்மோஃபிலஸ் வகைகளுக்கு அந்தக் கத்திரி கிடையாது, பக்கத்துல உட்கார்ந்து சிதறினதைப் பொறுக்கிச் சாப்பிடும். ஓசிச் சாப்பாடும் இல்லை. பதிலுக்கு ஃபார்மிக் அமிலம், கரியமில வாயு, ஃபோலிக் அமிலம் எல்லாம் கொடுக்கும். பல்கேரிகஸுக்கு டி.என்.ஏ. கட்ட அந்த ஃபார்மிக் அமிலம் ரொம்பத் தேவை. தனித்தனியா விட்டா ரெண்டும் மெதுவா வளரும், சேர்த்து விட்டா சடசடன்னு புளிக்கும். எங்க பாட்டி ரெண்டு கூட்டுக் குடித்தனத்தைப் பாத்தவங்க, அவங்க இருந்திருந்தா இதுல ஆச்சரியப்பட என்னடா இருக்குன்னு கேட்டிருப்பாங்க.

மாங்கனீசு பத்தி ஒரு சின்ன இடைச்செருகல், இதை விட மனசு வரலை. ஆக்சிஜன்ல இருந்து வர்ற நச்சுப் பொருளைச் சமாளிக்கப் பெரும்பாலான உயிர்கள் ஒரு நொதி வச்சிருக்கு. பிளாண்டாரம்ங்கிற லாக்டிக் பாக்டீரியா அந்த நொதியே இல்லாம, மாங்கனீசை வயித்துக்குள்ள மூட்டை மூட்டையா சேத்து வச்சு அதை வச்சே சமாளிக்குதுன்னு 1981ல ஆர்ச்சிபால்டும் ஃப்ரிடோவிச்சும் காட்டினாங்க. அதுக்கு இரும்பும் வேண்டாமாம். இரும்பு வேண்டாத உயிர்! எங்க வீட்டுல மூணு பொம்பளைங்களுக்கு இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறவன் நான், வயித்தெரிச்சலா இருந்துச்சு.

சரி, பொட்டி தட்டுறவனுக்கு இதெல்லாம் எதுக்கு? போன வருஷம் ஆபீஸ்ல ஒரு புது ஆணி கொடுத்தாங்க. ரத்தத்துல ஃபோலேட் அளக்கிற ஒரு ஆராய்ச்சி லேபுக்கு மென்பொருள். இட்லித்தட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதுல 96 குழி. ஒவ்வொரு குழியிலும் எவ்வளவு கலங்கல்னு ஒளி விட்டு அளந்து எண் வரும். அந்த எண்ணை வச்சு வளைகோடு போட்டு, எவ்வளவு ஃபோலேட்னு திருப்பிச் சொல்லணும். நான் போய் வழக்கம்போல "மேடம், ஃபோலேட்டை அளக்கிற சென்சார் எது, அதோட மாடல் நம்பர் சொல்லுங்க"ன்னு கேட்டேன். அந்த மேடம் சிரிச்சாங்க. "பாக்டீரியாதான் தம்பி சென்சார்" அப்படின்னாங்க.

விஷயம் இதுதான். ஒரு கரைசல் தயார் பண்ணுவாங்க. அதுல அந்த பாக்டீரியாவுக்கு வேண்டிய எல்லாம் இருக்கும், ஃபோலேட் மட்டும் சுத்தமா இருக்காது. நம்ம ரத்தத்துல இருந்து எடுத்த சீரத்தை நீர்க்க வச்சு ஒரு சொட்டு விடுவாங்க. பாக்டீரியாவையும் விட்டு 37 டிகிரியில கிட்டத்தட்ட ரெண்டு நாள் வச்சிடுவாங்க. சீரத்துல எவ்வளவு ஃபோலேட் இருந்துச்சோ அவ்வளவுக்குத்தான் அது பெருகும், கரைசல் அவ்வளவுக்குத்தான் கலங்கும். ஒரு மில்லிக்கு நானோகிராம் கணக்குல இருக்கிற பொருளை, கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் எண்ணிச் சொல்லுது. ஒரே ஒரு டிபெண்டன்சியைத் தூக்கிட்டு பில்ட் எவ்வளவு தூரம் ஓடுதுன்னு பாக்கறதுதானே இது! அன்னிக்கு நைட்டு தூக்கம் வரலை, உக்காந்து தோண்ட ஆரம்பிச்சேன்.

கதை 1857ல இருந்தே இருக்கு. பாஸ்டர் முதல்முதலா இந்தப் பாக்டீரியாவை வளர்த்தப்ப, வெறும் சர்க்கரைத் தண்ணியில வளர்க்கலை. ஈஸ்ட்டைக் கொதிக்க வச்ச தண்ணி, சர்க்கரை, கூட அமிலத்தை அடக்கச் சுண்ணாம்புத் தூள். அந்த ஈஸ்ட் தண்ணியில இருந்ததுல பாதிக்கு அப்ப பேரே கிடையாது, வைட்டமின்ங்கிற வார்த்தையே வரலை. அப்புறம் ரொம்ப வருஷம் எல்லாரும் ஈஸ்ட் சாறு ஊத்தினா வளருது, ஊத்தலைன்னா வளரலைன்னு விட்டுட்டாங்க. 1930கள்ல எஸ்மண்ட் ஸ்னெல்னு அமெரிக்காவுல ஒரு சின்னப் பையன் (அப்ப அவருக்கு என்னை விட வயசு கம்மி, சும்மா சொல்லி வைக்கிறேன்) இதைத் தலைகீழாத் திருப்பிப் போட்டார். இந்த பாக்டீரியா பிடிவாதம் பிடிக்குதுன்னா, அது எதுக்குப் பிடிவாதம் பிடிக்குதுன்னு பாத்தா அதுல ஒரு வைட்டமின் இருக்குமேன்னு. 1939ல ஸ்ட்ராங்கோட சேர்ந்து, கேசி-ங்கிற பாக்டீரியாவை வச்சு ரிபோஃப்ளேவின் அளக்கிற முறையை வெளியிட்டார். எலிக்கு வாரக்கணக்குல தீனி போட்டு எடை பாத்துட்டு இருந்த வேலை, சோதனைக்குழாய்ல மூணு நாள்ல முடிஞ்சுது. அது விடுற அமிலத்தை டைட்ரேஷன் பண்ணினாலே கணக்கு வந்துடும், நம்ம பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் மாதிரி.

1941ல இன்னும் பெரிய கூத்து. மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூணு பேரும் டெக்ஸாஸ்ல நாலு டன் பசலைக் கீரையை வாங்கினாங்க. பாப்பாய் கூட அவ்வளவு சாப்பிட்டிருக்க மாட்டார். இன்னொரு லாக்டிக் பாக்டீரியா வளர ஏதோ ஒண்ணு கேக்குது, அது கீரையில இருக்கு, ஆனா என்னன்னு தெரியலை. கீரையை அரைச்சு, வடிச்சு, பிரிச்சு, ஒவ்வொரு பிரிவையும் பாக்டீரியாகிட்ட காட்டி "இதுல இருக்கா?"ன்னு கேட்டுக் கேட்டுச் செறிவாக்கினாங்க. இலைக்கு லத்தீன்ல ஃபோலியம். அதனால ஃபோலிக் அமிலம்னு பேர் வச்சாங்க. அதே சமயத்துல வேற லேப்ல அதே பொருளுக்கு "கேசி காரணி"ன்னு பேரு. ஒரு பாக்டீரியா அடம் பிடிச்சதால அந்தப் பேரு.

இங்கதான் கதை நம்ம ஊர்ப் பக்கம் திரும்புது. லூசி வில்ஸ்னு ஒரு ஆங்கிலேய டாக்டர் 1928ல பம்பாய் வந்தாங்க. துணி மில் வேலை பாக்கிற கர்ப்பிணிகளுக்கு ஒரு மோசமான ரத்தசோகை வந்து செத்துட்டு இருந்தாங்க, இரும்பு கொடுத்தாலும் தேறலை. 1929ல கொஞ்ச மாசம் நம்ம குன்னூர் பாஸ்டர் நிலையத்துலயும் வேலை பாத்திருக்காங்க. 1931ல மெட்ராஸ்ல கோஷா ஆஸ்பத்திரியில (இப்ப திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி) இருந்திருக்காங்க. அவங்க கண்டுபிடிச்ச மருந்து என்ன தெரியுமா? மார்மைட். ரொட்டியில தடவுற ஈஸ்ட் சாறு. பாஸ்டர் பாக்டீரியாவுக்கு ஊத்தினதும், எம்.ஆர்.எஸ்.ல இன்னிக்கும் லிட்டருக்கு 5 கிராம் போடுறதும், அந்தப் பொம்பளைங்களைப் பிழைக்க வச்சதும் ஒரே சரக்கு. அதுல என்ன இருக்குன்னு பின்னாடி கண்டுபிடிச்சுச் சொன்னதுல இந்த நாக்கு நீளமான பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு.

அப்புறம் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமாவரத்துல பிறந்து மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். கூடப் பிறந்தவங்க ரெண்டு பேரை ஸ்ப்ரூங்கிற நோய்க்குப் பறிகொடுத்தவர். சாப்பாட்டுச் சத்து உடம்புல ஒட்டாத நோய் அது, ஃபோலேட்டும் ஒட்டாது. அமெரிக்காவுல லெடர்லி கம்பெனியில அவர் ஆராய்ச்சி இயக்குநரா இருந்தப்ப, 1945ல அந்தக் குழு ஃபோலிக் அமிலத்தை லேப்ல செயற்கையாத் தயாரிச்சுட்டாங்க. கீரை மலை எல்லாம் தேவையில்லைன்னு ஆச்சு. அதே வடிவத்துல ஒரு சின்ன மாறுதல் பண்ணி, பாக்டீரியாவை ஏமாத்தி வளர விடாமப் பண்ற போலிப் பொருட்களும் அங்கேயே செஞ்சாங்க. அதுல ஒண்ணு அமினோப்டெரின். 1948ல ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, தற்காலிகமாவாவது நோய் அடங்கினதைக் காட்டினார். மெத்தோட்ரெக்சேட் அந்த வழியில வந்ததுதான். சுப்பாராவ் அதே 1948ல போயிட்டார். அவர் பேரு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு கேக்கலை, எனக்கே இந்த ஆணி புடுங்கறப்பதான் தெரிஞ்சுது.

இப்ப எங்க வீட்டு விஷயம். எழுதலாமான்னு அக்காகிட்ட கேட்டேன். "எழுதுடா, எவளுக்காவது உதவும்"னா.

அக்காவுக்கு முதல் குழந்தை தங்கலை. அஞ்சாம் மாச ஸ்கேன்ல, மண்டையோட்டோட மேல்பாகமே உருவாகலைன்னு சொன்னாங்க. அனென்கெஃபாலி. பிறந்தாலும் பிழைக்காது. அதுக்கு அப்புறம் நடந்ததை நான் எழுதப் போறதில்லை. அதுக்குப் பின்னாடி வந்தவங்க பேசினதை மட்டும் சொல்றேன். கிரகணத்தன்னிக்குக் காய் நறுக்கினாளாமே, பஸ்ல அவ்வளவு தூரம் ஏன் போனா, முதல்லயே பப்பாளி சாப்பிட்டிருப்பா. அம்மாவே ஒரு தடவை, "ஏல, அவ அந்த கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருந்தாளே, அதுனால இருக்குமோ"ன்னு என்கிட்ட கேட்டா. அத்தான் ஒரு வார்த்தை பேசலை, ஆனா அக்கா ஆறு மாசம் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகலை.

மூளையும் முதுகுத்தண்டும் ஆகப்போற குழாய், கரு உருவாகி 28 நாளுக்குள்ள மூடிக்கும். நாள் தள்ளிப் போயிருக்குன்னு கவனிச்சு, டெஸ்ட் பண்ணி, டாக்டரைப் பாக்கறதுக்குள்ள அந்த வேலை முடிஞ்சிருக்கும். அதாவது மாத்திரையைக் கர்ப்பம்னு தெரிஞ்ச பிறகு ஆரம்பிச்சா இந்த விஷயத்துக்கு லேட். கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிறப்ப யாரும் அவகிட்ட இதைச் சொல்லலை, பாத்த டாக்டரும் சொல்லலை. 1991லயே இதுக்குப் பதில் கிடைச்சாச்சு. ஏற்கனவே இப்படி ஒரு குழந்தையை இழந்த பொண்ணுங்களை வச்சு, 7 நாடுகள்ல 33 இடங்கள்ல ஒரு பரிசோதனை. கருத்தரிக்கும் முன்னாடியே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம். மறுபடி அப்படி நடக்கிறது 72 சதவீதம் குறைஞ்சுது. அக்காவுக்கு ஃபோலேட் குறைவுதான் காரணமான்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது, எல்லாம் அதனால வர்றதும் இல்லை. ஆனா கிரகணத்தால வர்றதில்லை, அதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

ரெண்டாவது தடவை வேற டாக்டர். அவங்க முதல் நாளே, இன்னும் கருத்தரிக்கக் கூடாது, முதல்ல மாத்திரைன்னு 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தாங்க. மஞ்சளா, சின்னதா, சட்டைப் பொத்தான்ல பாதி இருக்கும். அம்மா அதை வாங்கிப் பாத்துட்டு "இத்துனூண்டா?"ன்னா. இப்ப அக்கா பொண்ணுக்கு மூணு வயசு. கீரையைத் தட்டுல வச்சா துப்புது.

(கீரைன்னதும் ஞாபகம் வருது. விக்டர் ஹெர்பர்ட்னு ஒரு டாக்டர், ஃபோலேட் இல்லாம இருந்தா மனுஷனுக்கு என்ன ஆகும்னு பாக்க 1961ல தன் மேலயே சோதனை பண்ணினார். சாப்பாட்டை மூணு தடவை வேகவச்சு மூணு தடவையும் தண்ணியைக் கொட்டிட்டுச் சாப்பிட்டார். மூணு வாரத்துல ரத்தத்துல ஃபோலேட் விழுந்துடுச்சு, நாலரை மாசத்துல ரத்தசோகை வந்துடுச்சு. அளந்து சொன்னது நம்ம கேசி பாக்டீரியாதான். கீரையை வேகவச்சு வடிக்கிற வீடுகள் கவனிக்க.)

திரும்ப ஆணிக்கு வர்றேன். ஒரு குழியில கலங்கல் இல்லைன்னா சாஃப்ட்வேர் என்ன சொல்லணும்? ஃபோலேட் குறைவுன்னு. ஆனா ரத்தம் கொடுத்தவங்க அந்த வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தா? அந்த மருந்து சீரத்துல இருக்கும், நம்ம பாக்டீரியா பசியால சாகாது, விஷத்தால சாகும். எண்ணைப் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். இதுக்காகவே ஒரு ஆன்டிபயாடிக்கைத் தாங்குற வகையைப் பழக்கி வச்சிருக்காங்க, ஆனா எல்லா மருந்தையும் அது தாங்காது. மேடம் சொன்ன வழி எளிமையானது. ஒரே சீரத்தை வெவ்வேறு அளவுல நீர்க்க வச்சு மூணு நாலு குழியில போடணும். நிஜமாவே சத்து குறைவுன்னா, நீர்க்க வச்ச கணக்கைத் திருப்பிப் பெருக்கினா எல்லாக் குழியும் ஒரே விடை சொல்லும். விஷம் இருந்தா, நீர்க்க நீர்க்க விஷத்தோட வேகம் குறைஞ்சு, விடை ஏறிக்கிட்டே போகும். நான் எழுதினதுல நாப்பது வரி இதுக்குத்தான். விடை ஏறிக்கிட்டே போனா எண்ணை அச்சடிக்காம, "மறுபடி எடுக்கவும், மருந்து சாப்பிட்டாங்களான்னு கேக்கவும்"னு போடும். அந்த லேப் பாக்கறது கருத்தரிக்கப் போற வயசுப் பொண்ணுங்களோட ரத்தம். நாப்பது வரிக்கும் நாப்பது டெஸ்ட் கேஸ் எழுதினது இந்தப் புராஜெக்ட்லதான். மேனேஜர் எதுக்குப்பா இவ்வளவுன்னு கேட்டார், மையமாச் சிரிச்சு வச்சேன்.

இப்ப பெரும்பாலான ஆஸ்பத்திரி லேப்கள்ல ஃபோலேட்டை மெஷின்தான் பாக்குது, சீக்கிரம் முடிஞ்சுடும். ஆனா ஒரு நாட்டு மக்களோட ஃபோலேட் நிலையை அளக்கிற ஆய்வுக்கு இந்த பாக்டீரியா முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2015ல சிபாரிசு பண்ணுச்சு. ஃபோலேட் ரத்தத்துல பல உருவத்துல இருக்கு, மெஷினுக்கு மெஷின் எண் மாறும். பாக்டீரியா வேண்டிய உருவம் எல்லாத்தையும் சாப்பிட்டுப் பாத்துச் சொல்லிடும்.

ஒரே ஒரு தொல்லை மிச்சம் இருக்கு. பழைய கட்டுரைகள்ல கேசின்னு எழுதியிருக்கிற அந்த வகை, அப்புறம் ராம்னோசஸ்னு ஆச்சு. 2020ல லாக்டோபேசிலஸ் குடும்பத்தையே 25 பேரினமாப் பாகம் பிரிச்சுட்டாங்க, இப்ப அதோட முழுப் பேரு லாக்டிகேசிபேசிலஸ் ராம்னோசஸ். எங்களுக்கு முன்னாடி இருந்த புண்ணியவான் டேட்டாபேஸ்ல பேருக்கு 25 எழுத்து இடம்தான் விட்டிருக்கார். இங்கிலீஷ்ல எழுதினா 28 வருது. திங்கக்கிழமை அதைத்தான் புடுங்கணும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, இஞ்சினியர். மாத்திரை எத்தனை மில்லிகிராம்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், எல்லாருக்கும் 5 கிடையாது. அவங்க சொல்லலைன்னா நீங்க கேளுங்க, நாள் தள்ளிப் போறதுக்கு முன்னாடியே.